அடிவாரத்துக் கயிறு

குன்னூருக்கு மேலே, பெரிய சாலையிலிருந்து பிரிந்து தேயிலைக்குள் ஏறும் ஒரு வழியின் முடிவில் நான் சமையல் வேலை செய்யும் காட்டேஜ் இருக்கிறது. சீசன் மாதங்களில் குடும்பங்கள் வரும். பிள்ளைகள் புல்தரையில் பந்து விளையாடும். மழை பிடித்து, பகலிலேயே விளக்குப் போடும் அளவுக்கு மூடுபனி இறங்கிவிட்டால் அப்படிப்பட்டவர்கள் யாரும் வருவதில்லை. அந்த மாதங்களில் சில சமயம் வேறு மாதிரி ஆட்கள் வருவார்கள். காட்டேஜ் முழுவதையும் எடுத்துக்கொள்வார்கள். ஊர் சுற்றப் போக மாட்டார்கள். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் மானேஜர் எங்களைக் கூப்பிட்டு, "யாரு, எந்த ஊருன்னு கேக்கப்படாது. ஆக்கிப் போடு, பாத்திரத்தக் கழுவு, அவ்வளவுதான்" என்பார்.

எனக்கு அதில் சிரமம் எதுவும் இல்லை. நான் யாரிடமும் எதுவும் கேட்கிறவள் அல்ல. பந்தலூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தேன். அத்தனை வருடமும் டீச்சர் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன் அம்மா' என்று சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிடும். பக்கத்தில் இருப்பவள்தான் எனக்கும் சேர்த்துச் சொல்வாள். அப்படிப்பட்டவளுக்குச் சமையலறை நல்ல இடம். கதவைச் சாத்திக்கொண்டால் அடுப்போடுதான் பேச்சு.

முதல் தடவை அப்படி ஒரு கூட்டம் வந்தபோது கல்யாண வீட்டார் என்று நினைத்தேன். பிறகுதான் ரூம் சுத்தம் செய்யும் அண்ணன் விளக்கிச் சொன்னார். அவர்கள் கீழே ஏதோ ஒரு ஊரின் கவுன்சிலர்கள். அந்த ஊர்ச் சேர்மனை இறக்க வேண்டும் என்று ஒரு கட்சி தீர்மானம் கொண்டுவந்திருக்கும். ஓட்டுப் போடும் நாள்வரை ஆட்கள் கைமாறிப் போகாமல் இருக்க, இப்படி மலைக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்வார்களாம்.

"அப்ப நம்ம பக்கத்து ஆளுங்கள எங்க வெப்பாங்க?" என்று கேட்டேன்.

"அவங்களக் கடல் பக்கம் கூட்டிட்டுப் போயிருவாங்க. குளுருல இருக்கவன் கடலப் பாக்கணும், வெயில்ல இருக்கவன் பனியப் பாக்கணும். ஜனநாயகம் நல்லாத்தான் ஊர் சுத்துது" என்றார் அண்ணன்.

நான் சொல்லப் போவது அதற்குப் பிறகு, ஒரு ஐப்பசி மழையில் வந்த கூட்டத்தைப் பற்றி. ஒரு வேனும் சில கார்களும் வந்தன. எல்லோரும் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. ஒருவரிடமும் ஸ்வெட்டர் இல்லை. இறங்கின உடனே டிரைவரை அனுப்பி மொத்தமாகக் குரங்குக் குல்லாய் வாங்கிவரச் செய்து மாட்டிக்கொண்டார்கள். எல்லோருடைய வலது மணிக்கட்டிலும் ஒரே மாதிரி சிவப்புக் கயிறு. கூட்டத்தை நடத்தி வந்தவர் சேர்மனின் மச்சான். அவர் வாசலில் ஒரு அட்டைப் பெட்டியை வைத்து எல்லோருடைய போன்களையும் வாங்கிப் போட்டுப் பூட்டினார்.

வந்தவர்களில் பாதிப் பேர் கவுன்சிலர்களே இல்லை என்பது எனக்குச் சாப்பாடு பரிமாறும்போதுதான் தெரிந்தது. அவர்கள் கவுன்சிலர்களின் கணவர்கள். ஜெயித்த பெண்களை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, காய்ச்சல் என்று சொல்லச் சொல்லிவிட்டு, இவர்கள் மலைக்கு வந்திருந்தார்கள். வந்த கூட்டத்தில் ஒரே ஒரு பெண் இருந்தார். முப்பத்தைந்து நாற்பது வயது இருக்கும். பருத்திச் சேலை, காலில் ரப்பர் செருப்பு. பச்சைத் தண்ணீரில் கையை வைத்துவிட்டு, சுட்டுவிட்டதுபோல் உதறிக்கொண்டு நின்றார். அப்படித்தான் அவரை முதலில் பார்த்தேன்.

சாயங்காலம் சமையலறைக் கதவைத் தட்டினார்.

"ஏனுங்க்கா, இங்க கொஞ்சம் உக்காந்துக்கட்டுங்களா? அங்க ஒரே சீட்டும் சிகரெட்டுமா இருக்குதுங்க."

வெந்நீர் போடும் விறகு அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலியை நகர்த்திப் போட்டேன். மேடம் என்று கூப்பிட்டேன். அந்தப் பேச்செல்லாம் வேண்டாம் என்றார். அதனால் தங்கச்சி என்றேன். வெங்காயத்தை இழுத்து வைத்துக்கொண்டு அவராகவே உரிக்கத் தொடங்கினார். நான் பருப்பைக் கழுவி அடுப்பில் ஏற்றினேன். கடைசியில் நான்தான் மானேஜர் சொன்னதை மீறினேன்.

"நீங்களும் கவுன்சிலருங்களா?"

"பேருக்குத்தானுங்க. பொம்பள வார்டுன்னு ஆயிருச்சு, ஊட்டுக்காரரு என்னைய நிக்க வெச்சாரு. போஸ்டர்ல எம்பட மூஞ்சி சின்னதா இருக்கும், அவரு மூஞ்சி பெருசா இருக்கும்" என்று சிரித்தார்.

"மத்த பொம்பளைங்கள வீட்டுலயே விட்டுட்டு வந்திருக்காங்க. உங்கள மட்டும் எதுக்குக் கூட்டிட்டு வந்தாங்க?"

சிரிப்பு நின்றது. "உட்டா நான் கூட்டத்துக்குப் போயிருவேனுங்க. அதுக்குத்தான்."

அன்றும் மறுநாளும் அவர் துண்டு துண்டாகச் சொன்னதை நான் இங்கே கோத்துச் சொல்கிறேன். அவருடைய வார்டில் ஒரு சந்து. சந்தின் ஓரமாக ஆழமான சாக்கடை. அதற்குச் சிமெண்டு மூடி போட வேலை விட்டார்கள். வேலை முடிந்ததாக நகராட்சிக் கூட்டத்தில் படித்தார்கள். படித்ததும் எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். இவரும் தட்டினார். மூடி வரவில்லை. மழை பெய்தால் அங்கே சந்து எது, சாக்கடை எது என்று தெரியாது. ஒரு மழையில், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி கடைக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

"எங்க ஊட்டுக்கு மூணு ஊடு தள்ளித்தானுங்க அவங்க இருக்கறது. அந்தப் புள்ளைக்கு நாந்தான் தலை பின்னி உடுவேன், அவங்கம்மா மில்லுக்குப் போற நாளெல்லாம்" என்றார். "எல்லாம் முடிஞ்சு ஒரு நாள் அவங்கம்மா வந்து வாசல்ல நின்னாங்க. அழுவுல. கூட்டத்துல கேப்பீங்களான்னு மட்டும் கேட்டாங்க. கேக்கறேன்னு சொன்னேன்."

"கேட்டீங்களா?"

"எந்திரிச்சேனுங்க. மைக்க நிறுத்திட்டாங்க. எம்பட சத்தம் மைக் இல்லாம மொதோ வரிசைக்கே போவாதுங்க. சேர்மன், உக்காரும்மா உக்காரும்மா, ஊட்டுக்காரர வரச் சொல்லு பேசிக்கலாம்னாரு. எல்லாருஞ் சிரிச்சாங்க."

அது எனக்குப் புரிந்தது. குரல் வெளியே வராதவளுக்கு அது யாரும் விளக்கிச் சொல்லாமலே புரியும்.

பிறகு சேர்மனுக்கு ஆகாதவர்கள் அந்தச் சாவை எடுத்துக்கொண்டு, நம்பிக்கை இல்லை என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். "அவங்களும் ஒண்ணும் யோக்கியம் இல்லீங்க. நாளைக்கு அவங்க வந்தாலும் இதேதான். ஆனா அன்னைக்கு ஒவ்வொருத்தரும் எந்திரிச்சு நிக்கோணும். கை தூக்கோணும். வெளிய இருந்து ஜனங்க பாப்பாங்க. நான் அவங்ககிட்ட சொல்லியிருக்கறேன். அன்னைக்கு வந்து நின்னு, மூடி போடலைன்னு சொல்றேன்னு. மைக் இல்லாட்டியும் சொல்றேன்னு."

சேர்மன் கட்சியின் திட்டம் இவ்வளவுதான். வேண்டிய அளவு ஆள் மண்டபத்துக்கு வராவிட்டால் தீர்மானம் தானாகவே தோற்றுப்போகும். எதிர்த்து ஓட்டுப் போட வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம். வராமல் இருந்தால் போதும். அதற்குத்தான் மலை, வேன், பிரியாணி, எல்லாம்.

இதில் அந்தக் கயிறு எங்கே வந்தது என்றால், மலை ஏறும் முன்பு அடிவாரத்தில் சாலையோரமாக ஒரு அம்மன் கோயில் இருக்கிறது. வண்டிக்காரர்கள் அங்கே நிறுத்திக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் ஏறுவார்கள். சேர்மனின் மச்சான் எல்லோரையும் அங்கே இறக்கி வரிசையில் நிற்க வைத்தார். தீர்மானம் நடக்கும் நாளில் ஊரில் கால் வைப்பதில்லை என்று அம்மன் மேல் சத்தியம் சொல்லிவிட்டு ஒவ்வொருவராகக் கையை நீட்டினார்கள். பூசாரி கயிறு கட்டினார்.

"கோயிலுக்குப் போறோம்னுதானுங்க ஊட்டுக்காரரு கூட்டிட்டு வந்தாரு. அங்க போய் நின்னா இப்படி. எல்லாரும் நீட்டறப்போ நானும் நீட்டிட்டேன். மேசையத் தட்டுனேன் பாருங்க, அதே மாதிரிதான். கை தானாப் போயிருதுங்க்கா." மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பாத்திரம் கழுவ வந்தால்கூட கயிறு நனையாமல் இடது கையால் கழுவினார்.

ஆண்களுக்கு அது ஒரு பாரமாக இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் இரண்டு பேர் டீ குடிக்க என்று வெளியே போனார்கள். எதிர்க் கட்சிக்காரன் கார் கீழே சாலையில் நின்றதாம். திரும்பவில்லை. கைகழுவும் தொட்டியின் மேல் இரண்டு சிவப்புக் கயிறும், எலுமிச்சம்பழம் நறுக்க நான் கொடுத்த கத்தியும் கிடந்தன. சேர்மனின் மச்சான் அந்தக் கயிறுகளை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, "அம்மன வெச்சுட்டுப் போயிருக்கானுங்க பாரு" என்றார். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் மத்தியானம் அந்த இரண்டு பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். என்ன பேசி யார் அழைத்து வந்தார்களோ தெரியாது. சேர்மனின் மச்சான் பையிலிருந்து புதுக் கயிறு எடுத்து, சாப்பாட்டு மேசையிலேயே வைத்து அவர்கள் கையில் கட்டினார்.

"மாப்ள, இறுக்கிக் கட்டாத. நாளைக்கு அவுக்கறப்ப முடி புடுங்குது" என்றார் ஒருவர்.

"உனக்குக் கயிறு பத்தாதுடா, சங்கிலிதான்" என்று யாரோ சொல்ல, மறுபடியும் சிரிப்பு.

நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கவுன்சிலரம்மா சமையலறைக் கதவருகில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்ததும் கேட்டார்.

"அக்கா, நானும் இத அறுத்துப் போட்டா என்னாகுமுங்க?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எங்கள் ஆட்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். தோட்டத்து லயத்து வீடுகளில் குடியை விட நினைக்கிற ஆண்கள் முனியப்பன் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வார்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று கெடு. கெடு முடிந்தால் அதே கோயிலுக்குப் போய், கட்டின பூசாரியே அவிழ்க்க வேண்டும். முன்னால் அவிழ்க்க வேண்டுமானாலும் அங்கே போய்த்தான் சொல்லி அவிழ்க்க வேண்டும். என் வீட்டுக்காரரும் கட்டினார். நாலு மாதம் நன்றாக இருந்தார். என் கல்யாண வாழ்க்கையில் நல்ல மாதங்கள் அவை. பிறகு ஒரு தீபாவளி அன்று, தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியாலேயே கயிற்றை அறுத்துவிட்டுக் குடிக்கப் போனார். அடுத்த மாதம் பேக்டரி ரோட்டில் மழையில் வழுக்கி, கீழே பாறையில் கிடந்தார். நான் போவதற்குள் முடிந்துவிட்டது. கயிறுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. குடித்திருந்தார், வழுக்கினார். ஆனால் அறுந்த கயிறு வாசற்படியில் கிடந்ததை நான்தான் எடுத்தேன். அது கையில் பட்டபோது இருந்த மாதிரி எனக்கு வேறு எதிலும் இருந்ததில்லை.

"அறுக்காதீங்க தங்கச்சி. கட்டுனவரு கையாலயே அவுக்கச் சொல்லுங்க. சொல்லிட்டு அவுத்தா ஒண்ணும் இல்ல" என்றேன். இன்றைக்கு யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். எனக்கு வேறு தெரியாது.

அவர் அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளிவிட்டார். "கோயிலு போற வழியிலதானுங்களே இருக்குது" என்றார்.

அப்படித்தான் அது முடிவானது. நாங்கள் உட்கார்ந்து யோசித்து எதுவும் திட்டம் போடவில்லை. தீர்மானம் மறுநாள் முற்பகலில். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தால் மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து அவர் ஊருக்கு நேரத்துக்குப் போய்விடலாம். வழியில் கோயிலில் இறங்கிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினாலும் போய்விடலாம் என்று கணக்குப் போட்டோம்.

தினமும் விடிந்ததும் நான் தேயிலைக்குள் இருக்கும் படிகளில் இறங்கிச் சாலையோரத்துக் கடையில் பால் வாங்கி வருவேன். அன்று அவருக்கு என் பழைய ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு, தலையில் கம்பளித் துண்டைக் கட்டி, கையில் பால் கேனைக் கொடுத்தேன். கேட்டில் காருக்குள் இரண்டு பேர் காவலுக்கு இருந்தார்கள். ஒருவன் கண்ணாடியை இறக்கி, "ஏனுங்க, டீக்கு நேரமாகுமா?" என்றான். "பால் வரட்டுங்க" என்றேன். அவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். பால் கேன் வைத்திருக்கும் இரண்டு பெண்களின் முகத்தை யார் பார்ப்பார்கள்.

பனியில் இரண்டு செடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அவருக்கு அந்தப் படிகள் பழக்கமில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி இறங்கினார். அட்டை கடித்ததைப் பார்த்தும் நிற்கவில்லை. பஸ்ஸுக்குக் காசு எடுத்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். என் போன் நம்பரைச் சொல்லச் சொல்லி, திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார். பஸ் விளக்கு பனிக்குள் மஞ்சளாக வந்தது. ஏறும்போது, "ஸ்வெட்டர் இருக்கட்டும்" என்று நான் சொன்னது அவருக்குக் கேட்டதோ இல்லையோ.

காட்டேஜில் எட்டு மணிவரை யாரும் எழவில்லை. பிறகு அவர் கணவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "அவ இங்கயா இருக்கா?" என்றார்.

"பால் வாங்கப் போனாங்க" என்றேன். அது உண்மைதான்.

அவர் உட்கார்ந்து டீ குடித்தார். அதற்கப்புறம்தான் அவருக்கு உறைத்தது. படியில் பாதி தூரம் ஓடிப்போய்த் திரும்பி வந்தார். சேர்மனின் மச்சான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கணவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, "மாமா, அவ போயிட்டாளுங்க" என்றார். வண்டியை எடுப்பார்கள், பஸ்ஸைத் துரத்துவார்கள், என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று நினைத்தேன்.

மச்சான் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார். "போனாப் போகட்டும் உடு. ஒரு ஆளு போயி ஒண்ணும் ஆவாது. அங்க சேர்தான் நெறைய இருக்கும்." பிறகு என் பக்கம் திரும்பி, "சட்னி இன்னுங் கொஞ்சம் போடுங்க" என்றார்.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கும் அளவுக்கு நான் யார் கண்ணிலும் பட்டிருக்கவில்லை. நான் அவ்வளவு பயந்திருந்தது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை என்பதில் எனக்கு நிம்மதி வரவில்லை. என்னமோ மாதிரி இருந்தது.

மத்தியானம் பெட்டியைத் திறந்து போன்களைக் கொடுத்துவிட்டார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன. ஒரு போனில் வீடியோ வந்தது. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு என்னையும் கூப்பிட்டார். பெரிய மண்டபம், வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். முன்னால் கொஞ்சம் பேர். ஒரு அதிகாரி எழுந்து, போதிய உறுப்பினர்கள் வராததால் தீர்மானம் தோற்றது என்று ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். படிக்க நேரமே ஆகவில்லை. அடுத்து வெளியே சேர்மனுக்கு மாலை, பட்டாசு. நான் அந்தக் காலி நாற்காலிகளில் என் பழைய ஸ்வெட்டரைத் தேடினேன். இல்லை.

சாயங்காலம் அவர்கள் எல்லோரும் சந்தோஷமாகக் கிளம்பிப் போனார்கள். குரங்குக் குல்லாய்களைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கயிறுகளையும்தான். பெருக்கும்போது கட்டிலுக்கு அடியிலும் குளியலறையிலும் கிடந்தன. நான் அவற்றைக் குப்பையில் போடாமல், வெந்நீர் அடுப்பிலும் போடாமல், வெளியே ஒரு தேயிலைச் செடியின் மேல் வைத்தேன். மழையில் சாயம் போய் வெளுத்துக் கிடந்தன.

அந்தத் தங்கச்சியிடமிருந்து போன் வந்தது ஒரு மாதம் கழித்து. கணவர் வெளியே போன நேரம் பார்த்துப் பேசினார்.

அன்று கோயிலில் இறங்கியிருக்கிறார். நடை சாத்தியிருந்தது. பூ விற்கும் பாட்டி, பூசாரி ஒரு சாவுக்குப் போயிருக்கிறார், குளித்துவிட்டுத்தான் வருவார் என்றாளாம். நீயே அவிழ்த்துச் சூலத்தில் கட்டிவிட்டுப் போ கண்ணு, அம்மன் ஒன்றும் சொல்ல மாட்டாள் என்றும் சொன்னாளாம். இவருக்கு மனசு வரவில்லை. கோயில் படியில் உட்கார்ந்துகொண்டார். கீழே போகும் பஸ்கள் ஒவ்வொன்றாகக் கண்ணெதிரே போயின.

"பூசாரி வந்து, எங்கையப் பாத்துட்டு, இதுக்கா உக்காந்திருந்தீங்கன்னு கேட்டாருங்க்கா. இது மல ஏறுற எல்லாத்துக்கும் கட்டற கயிறாமா. வண்டி நல்லபடியாப் போயிட்டு வரோணும்னு டூரிஸ்ட்டுக்கெல்லாம் கட்டறாராம். சத்தியம் கித்தியம் எல்லாம் எனக்குத் தெரியாது தாயி, அவங்க கட்டச் சொன்னாங்க, கட்டுனேன்னாரு."

"தெரிஞ்சிருந்தா..." என்று தொடங்கினேன்.

"தெரிஞ்சிருந்தாலும் அப்படித்தானுங்க. அவருக்கு வேணா அது வண்டிக் கயிறு. நான் என்ன சொல்லிக் கைய நீட்டுனேன்னு எனக்குத் தெரியுமில்லீங்க." என்றார். "நீங்க சொன்னது தப்பில்லீங்க. அவுத்துட்டுத்தான் போனேன்."

அவர் போய்ச் சேர்ந்தபோது நகராட்சி வாசலில் பட்டாசுக் காகிதத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய்த் தன்னுடைய நாற்காலியில் உட்கார்ந்தாராம். விளக்கை அணைக்க வந்த ஊழியரிடம், நான் வந்தேன் என்று எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். கூட்டம் முடிந்துவிட்டது, இனி எழுத முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லையாம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாராம்.

வெளியே வேப்பமரத்தடியில் அந்தச் சிறுமியின் அம்மா உட்கார்ந்திருந்தார். மில்லுக்கு லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே வந்தவர். "மத்தவங்க யாரும் வர்லைன்னு தெரிஞ்சுதுங்க. நீங்க வருவீங்கன்னுதான் எந்திரிக்காம இருந்தேன்" என்றாராம். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினார்கள். வழியில் இவர் கோயில், பூசாரி, கயிறு எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்திருக்கிறார். அந்தம்மா வெளியே பார்த்தபடி, சரிங்க, சரிங்க என்று சொல்லிக்கொண்டே வந்தாராம்.

"திட்டியிருந்தாத் தேவலைங்க்கா."

எனக்குப் பேசத் தெரியாது. கடைசியில் எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"இப்ப மூடி போட்டுட்டாங்களா?"

"போடலீங்க. சேர்மன் வந்து பாத்துட்டு, போட்டோ எடுத்துட்டுப் போனாரு. மூடி இன்னும் வர்ல. நாங்களே ஒரு பழைய கதவப் போட்டு வெச்சிருக்கறோம்."

"யாரு வீட்டுக் கதவு?"

"அவங்க ஊட்டுதுதானுங்க. பின்னால சமையக்கட்டுக் கதவு. அந்தப் புள்ளையோட அப்பா கழட்டிக் கொண்டாந்து போட்டாரு. இப்ப அந்தப் பக்கம் சேலையத்தான் கட்டித் தொங்க உட்டிருக்காங்க." அவர் குரல் இறங்கியது. "மரக் கதவில்லீங்களா. சந்துல ஆரு நடந்தாலும் டொக்குடொக்குன்னு சத்தம் வருது. ஆரோ கதவத் தட்டற மாதிரியே இருக்குதுங்க்கா. மொதல்ல கொஞ்ச நாள் அந்தம்மா ஒவ்வொரு வாட்டியும் எந்திரிச்சு வந்து பாப்பாங்க. இப்ப வர்றதில்ல."

வாசலில் வண்டிச் சத்தம் கேட்கவும், வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். எங்கள் பக்கம் அன்றைக்கும் மழைதான். மானேஜர் வந்து, அடுத்த வாரம் ஒரு பார்ட்டி வருகிறது, மொத்த காட்டேஜும், விறகு சொல்லி வைத்துக்கொள் என்றார். யார், எந்த ஊர் என்று நான் கேட்டேன். அத்தனை வருடத்தில் நான் மானேஜரிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.